குழந்தைகளோடு கடலோர கேம்பிங் போறீங்களா? டென்ட் புக் செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சனிக்கிழமை வந்தாலே சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் பக்கம் கார்கள் வரிசை கட்டுகின்றன. முன்பெல்லாம் கோவளம், மாமல்லபுரம் போய் அலையில் கால் நனைத்து, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். இப்போது டென்ட், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, சூரிய உதயம் என ஓர் இரவு கடலோரமே தங்கும் பேக்கேஜ்கள் இன்ஸ்டாகிராமில் கொட்டிக் கிடக்கின்றன. மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை சவுக்குத் தோப்புகளுக்குள்ளும் ரிசார்ட் வளாகங்களிலும் இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்கலாம்.

நண்பர்கள் கூட்டத்துக்கு எந்த டென்ட்டும் ஒத்துவரும். ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயது பாட்டியும் கூட வரும்போது கணக்கே வேறு.

கடல் எவ்வளவு தூரம்?

"சார், டென்ட்டைத் திறந்தா நேரா கடல்தான்." போனில் பேசும் ஆள் பெருமையாகச் சொல்லும் இந்த வார்த்தையைத்தான் குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டும். தூக்கம் கலைந்து எழுந்த குழந்தை பத்தே அடியில் தண்ணீரில் கால் வைக்க முடியும் என்றால், அது குடும்பத்துக்கான இடம் அல்ல.

அலை எதுவரை வரும் என்பதை மணலே காட்டிக்கொடுக்கும். காய்ந்த பாசி, சிப்பி, குப்பை எல்லாம் ஒரு கோடு போல ஒதுங்கியிருக்கும் இடம்தான் கடைசியாகத் தண்ணீர் ஏறி வந்த எல்லை. டென்ட் அதற்குப் பல அடி பின்னால், மேடான இடத்தில் இருக்க வேண்டும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும். பௌர்ணமி இரவு கேம்பிங்குக்குத்தான் கிராக்கி அதிகம் என்பது வேறு விஷயம்.

தோப்புக்கும் கடலுக்கும் நடுவே வேலியும் கேட்டும் இருக்கிறதா, இரவில் அது பூட்டப்படுமா, விடிய விடிய ஒரு காவலாளி விழித்திருப்பாரா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

குளிக்கலாமா?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை பார்க்க அமைதியாகத் தெரியும். ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதை வழியாகத் திரும்பக் கடலுக்குள் வேகமாக ஓடும் இழுப்பு இங்கே பல இடங்களில் உண்டு. விசித்திரம் என்னவென்றால், இருபக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்க, நடுவில் மட்டும் அலையில்லாமல் சாதுவாகத் தெரிகிறதே, அந்த இடம்தான் பெரும்பாலும் இழுப்பு இருக்கும் இடம். "இங்க அலையே இல்ல, இங்க குளிக்கலாம்" என்று குழந்தையை இறக்கிவிடுவது இதனால்தான் ஆபத்து. கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரமும், ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும் இன்னும் மோசம்.

யாராவது இழுப்பில் சிக்கிவிட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு திரும்ப வேண்டும். அது முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்கலாம்.

மழையோ புயலோ இல்லாத நாளிலும் கடல் திடீரெனப் பொங்கும். எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் உருவாகும் நீண்ட அலைகள் கரைக்கு வந்து சேர்வதை 'கள்ளக்கடல்' என்கிறார்கள். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் கடல் சீற்ற எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் வானிலை மையத்தின் மழை அறிவிப்போடு இதையும் பார்த்துவிட வேண்டும்.

குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், நீலக்கொடி சான்று பெற்ற கோவளம் கடற்கரையைப் பகலில் பயன்படுத்திக்கொண்டு, தங்குவதற்கு வேறு இடம் தேடலாம். உயிர்காக்கும் நீச்சல் வீரர்களை நியமிப்பது அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்குச் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை இருக்கிறது. இரவில் எந்தக் கடற்கரையிலும் குளியல் வேண்டாம்.

எந்த மாதம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கடலோர டென்ட் என்பதே தேவையில்லாத வேலை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை இருக்கும், ஆனால் இரவிலும் புழுக்கம் விடாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு டென்ட்டுக்குள் ஓர் இரவைக் கடத்துவது பெரும்பாடு. ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் சுகமான காலம்.

அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பெரிய லைட்டும், மணலில் மூட்டும் நெருப்பும் கரையேறும் ஆமையை விரட்டிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் போய்ச் சாகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் உயிரினம் என்பதால் முட்டையைத் தொடுவதும் குற்றம். கடற்கரைப் பக்கம் விளக்கை அணைத்து வைக்கும் கேம்ப் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

சொந்தமாக டென்ட் போடலாமா?

கடைகளில் டென்ட் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகக் காலியாக இருக்கும் கடற்கரையில் போட்டுவிட முடியாது. தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளும், கோடியக்கரை சரணாலயமும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. மற்ற இடங்களிலும் மீனவ கிராமத்தை ஒட்டிய மணல் என்பது படகு இழுக்கும், வலை காயப்போடும் இடம். குடும்பத்தோடு போகிறவர்கள், சுற்றுலாத் துறையில் பதிவு செய்த இடமா என்று கேட்டு முன்பதிவு செய்வதே பாதுகாப்பு. பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

டென்ட்டுக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம்

இரவு குளிராக இருக்கிறதே என்று பார்பிக்யூ அடுப்பை டென்ட்டுக்குள் இழுத்து வைப்பவர்கள் உண்டு. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2024-ல் கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்போடு தூங்கிய இருவர் இப்படித்தான் இறந்தார்கள். அணைந்துபோனது போலத் தெரியும் கரியும் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். டென்ட்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும் இதே ஆபத்துதான்.

பாத்ரூம், தண்ணீர், ஆஸ்பத்திரி

போட்டோவில் வராத விஷயங்கள் இவை. டென்ட்டிலிருந்து பாத்ரூம் எத்தனை அடி, வழியில் விளக்கு இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று முட்டிவலி உள்ள பெரியவர்களுக்காகக் கேட்டாக வேண்டும். கடலோர போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். குடிக்கக் கேன் தண்ணீர் கொடுப்பார்களா என்பதும் முக்கியம். சவுக்குச் சருகுக்குள் பாம்பும் தேளும் இருக்கலாம் என்பதால் டென்ட்டைச் சுற்றித் தரை சுத்தமாக இருக்க வேண்டும். குழந்தைகளின் செருப்பைக் காலையில் உதறாமல் போடக் கூடாது.

வெறும் மணலில் சாதாரண முளை நிற்காது. கடல் காற்று பலமாக அடித்தால் டென்ட் பிய்த்துக்கொண்டு போகும். மணல் மூட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்களா, காற்றோ மழையோ வந்தால் மாறிப் படுக்கக் கட்டடத்துக்குள் அறை தருவார்களா என்று கேளுங்கள். கடல் எச்சரிக்கை வந்து பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்பே மேப்பில் பார்த்து வைக்கலாம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554.