'செக்' என்னும் சொல்லின் வமிசாவளி

வங்கியில் மாற்றும் காசோலையையும், வண்டிகளை மறிக்கும் சாவடியின் சோதனையையும், சட்டைத் துணியின் கட்டங்களையும், கணக்கைச் சரிபார்க்கும் காரியத்தையும், சதுரங்கத்தில் எதிரியின் ராஜாவை மடக்கும் அறைகூவலையும் 'செக்' என்னும் ஒரே ஒலியால் ஆங்கிலேயர் வழங்குவதைக் காண்போர், ஒலி மாத்திரம் ஒத்த வெவ்வேறு சொற்கள் இவை என்று கருதுதல் இயல்பே. ஆயினும் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்தால், இவை யாவும் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்லின் சந்ததி என்பது புலனாகும்.

நால்வகைச் சேனையின் பெயரால் பாரத தேசத்தில் சதுரங்கம் என்று வழங்கிய விளையாட்டு, பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அந்நாட்டை வென்ற அராபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' என்று திரிந்து, அவர்கள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அரசனுக்கு ஆபத்து நேரும்போது 'ஷா' என்று கூவி எச்சரிக்கும் மரபும் உடன் சென்றது. அக்கூவலே பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றாகி, நார்மானியர் ஆட்சியின் பயனாக ஆங்கிலத்தில் 'செக்' என நின்றது. 'செஸ்' என்பதும் அதன் பன்மையிலிருந்து வந்ததே. கூவலைக் கேட்ட ஆட்டக்காரன், தான் கருதியிருந்த உபாயத்தைக் கைவிட்டு, முதலில் அரசனைக் காத்தாக வேண்டும். ஆகவே தடை, கட்டுப்பாடு என்னும் அர்த்தங்கள் பிறந்தன. தடுத்து நிறுத்தியதைச் சோதிப்பது அடுத்த படி.

இவ்வரலாற்றில் என் மனத்தைப் பெரிதும் கவர்வது ஒரு மேசை. இரண்டாம் ஹென்றி மன்னரின் பொக்கிஷதாரர் ரிச்சர்ட் பிட்ஸ்நீல், 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய உரையாடல் நூலில் அதனை நேரில் காண்பதுபோல் வருணித்திருக்கிறார்: நீளம் ஏறத்தாழ 10 அடி, அகலம் 5 அடி, வைத்த காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு, மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. மாவட்ட அதிகாரிகளான ஷெரீப்புகள் வசூலித்த பணத்துடன் வந்து அமர, வலப்புறம் பென்னியில் தொடங்கி, ஷில்லிங், பவுன், இருபது பவுன், நூறு, ஆயிரம் என்று இடப்புறம் ஏறிச் செல்லும் பத்திகளில் காசுகளை அடுக்கியும் எடுத்தும் கணக்கர் கணக்கிடுவார். பூஜ்யம் இல்லாத ரோமானிய எண்களைக் கொண்டு எழுதிக் கூட்டுவது கடினம். மேசையிலோ எழுத்தறியாதவனும் தன் கணக்கு நடப்பதைக் கண்ணால் காணலாம். துணி சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால், அப்பலகைக்கு உரிய பிரெஞ்சுப் பெயரே கணக்கு மன்றத்துக்கும் வாய்த்து 'எக்ஸ்செக்கர்' என்று நிலைத்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்த எக்ஸ்செக்கரின் சான்சலரே. கட்டம் போட்ட துணிக்கு வந்த பெயரும் அப்பலகையிலிருந்து கிடைத்ததே.

காசோலையின் கதை பிற்பட்டது. மோசடியைத் தடுக்கவும் தொகையை ஒத்துப்பார்க்கவும் வைத்துக்கொண்ட அடிக்கட்டையை 18ஆம் நூற்றாண்டில் 'செக்' என்றனர். நாளடைவில் அப்பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே உரியதாயிற்று. எக்ஸ்செக்கரின் நினைவால் பிரிட்டனில் அதன் எழுத்து மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்தையே இன்றளவும் எழுதி வருகின்றனர்.