ஆப்கன் பட்டாணியும் வேர்முடிச்சு மரபணுக்களும்

பயறு வகைச் செடிகள் தம் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்று 1886-இல் ஜெர்மனியின் ஹெல்ரீகல் அறிவித்தார். முடிச்சிலுள்ள பாக்டீரியாவை 1888-இல் பிரித்து வளர்த்தவர் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க். 1896-இல் 'நைட்ராஜின்' என்ற பெயரில் அது உரமாக விற்பனைக்கும் வந்துவிட்டது. ஆனால் பாக்டீரியா இருந்தால் மட்டும் போதாது, செடியும் அதை ஏற்க வேண்டும்.

இதற்கு நல்ல சான்று ஆப்கானிஸ்தானின் பட்டாணி வகை ஒன்று. ஐரோப்பிய மண்ணின் பாக்டீரியாவோடு அது முடிச்சிடவில்லை. துருக்கி மண்ணில் கிடைத்த பாக்டீரியாவைச் சேர்த்ததும் முடிச்சிட்டது. 1970-களில் நெதர்லாந்தின் டி. ஏ. லீ இதை விரிவாக ஆராய்ந்தார்.

வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டுகள் பாக்டீரியாவின் 'நாட்' மரபணுக்களைத் தூண்டுகின்றன. பாக்டீரியா ஒரு சமிக்ஞை மூலக்கூறை அனுப்புகிறது. அதை உணர்ந்த வேர்த்தூவி சுருண்டு வழிவிடுகிறது. துருக்கி பாக்டீரியாவில் கூடுதலாக இருந்தது 'நாட்-எக்ஸ்' என்ற ஒரே மரபணு. அது அந்த மூலக்கூறில் ஓர் அசிட்டைல் தொகுதியை இணைக்கிறது என்பது 1993-இல் தெரியவந்தது. இத்தனை பிடிவாதமும் அந்தச் சிறு ஒட்டுக்காகத்தான்! பட்டாணியின் பக்கம் இதைத் தீர்மானிப்பது 'சிம்2' என்ற மரபணு.

சமிக்ஞையை உணரும் செடியின் ஏற்பிகளை 2003-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 'லோட்டஸ் ஜப்பானிக்கஸ்' என்ற சிறு பயறினச் செடியில் கண்டறிந்தனர். சமிக்ஞையை உள்ளே கடத்தும் மரபணுக்கள் சில வேர்ப்பூஞ்சை உறவுக்கும் பயன்படுகின்றன. அவை நெல்லிலும் உண்டு. நெல்லுக்கும் கோதுமைக்கும் யூரியாச் செலவைக் குறைக்க முயலும் ஆய்வுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.