இறந்தோர் பட்டியலில் ஒரு பெயர்

நவம்பர் மாதம் நம் ஆலயங்களில் இறந்தோரின் மாதம். அம்மாதத்தின் தொடக்கத்தில் ஆலய முகப்பில் ஒரு மேசையைப் போட்டு, திருப்பலியில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதி வாங்குவது பல பங்குகளில் வழக்கம். சங்கரன்கோவில் போன்றதொரு திருக்கோயில் நகரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகுதியல்ல. ஆகவே பட்டியலும் நீளமானதன்று. சில ஆண்டுகளுக்கு முன் அம்மேசையருகே நாம் அமர்ந்திருந்தபோது முதிய தாய் ஒருவர் வந்தார். மாமனார், மாமியார், கணவர், இளமையில் இறந்த மகன் என்று வரிசையாகச் சொல்லி வந்தவர், கடைசியில் இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். அது ஊர்க்கோயில் அம்மனின் பெயர். பக்கத்து வீட்டு அக்காவாம், திருமுழுக்குப் பெறாதவர். தாம் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தபோது தம் பிள்ளைகளுக்குச் சோறூட்டிக் காப்பாற்றியவராம்.

"எழுதலாமாய்யா?" என்று கேட்டார். நம் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

அந்தத் தயக்கம் நம் ஒருவருடைய தயக்கமன்று. அதற்குப் பல நூற்றாண்டு வயது உண்டு. நற்செய்தியின் மீட்பு எல்லாருக்கும் உரியது என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற நாம், அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று தீர்ப்பிடும் நாற்காலியில் எப்போது ஏறி அமர்ந்தோம்? வரலாற்றைப் புரட்டுவோர்க்கு அது வியப்பும் வேதனையும் தருகிற கதை. அக்கதையின் சில பக்கங்கள் நம் நெல்லைச் சீமையிலேயே எழுதப்பட்டவை.

திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற கருத்தை 3-ஆம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்ரியான். அவர் கண்முன் நின்றவர்கள் திருச்சபையைப் பிளந்து வெளியேறிக்கொண்டிருந்த கிறிஸ்தவர்கள். இயேசுவின் பெயரையே கேளாத மக்களைப் பற்றி அவர் அங்கே வழக்காடவில்லை. வீட்டை விட்டுப் போகும் பிள்ளையைப் பார்த்துத் தகப்பன் பதறிச் சொன்ன சொல், பின்னாளில் ஊராரைப் பார்த்துச் சொன்ன சொல்லாக மாறிவிட்டது. 1442-இல் பிளாரன்ஸ் பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையில் பிற சமயத்தார், யூதர், பிரிந்து போனோர் ஆகிய அனைவரும் முடிவில்லா நெருப்புக்கு உரியோர் என்றே எழுதப்பட்டது. உலகம் முழுவதும் நற்செய்தி அறிவிக்கப்பட்டுவிட்டது என்று ஐரோப்பா எண்ணியிருந்த காலம் அது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்குள் கொலம்பசும் வாஸ்கோ ட காமாவும் அந்த எண்ணத்தைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

முத்துக்குளித்துறையில் 1542-இல் கால்வைத்த புனித பிரான்சிஸ் சவேரியார் இந்த இறையியலோடுதான் வந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், ஜப்பானிலிருந்து திரும்பிய கையோடு, 1552 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு அவர் வரைந்த மடல் ஒன்று உண்டு. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஜப்பானியர், இறந்துபோன தங்கள் தாய் தந்தையரைக் கடவுள் மீட்கமாட்டாரா என்று கேட்டுக் கேட்டு அழுததை அதில் எழுதியிருக்கிறார். வழியில்லை என்றே அவர் விடை சொன்னார். அன்புக்குரியோர் பரிகாரமில்லாத ஒன்றுக்காக அழுவதைக் காணத் தமக்கும் துயரமாய் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று கை சோரும்வரை திருமுழுக்கு அளித்த அம்மனிதரின் நெஞ்சைச் சுட்ட நெருப்பு அதுதான்.

ஆனால் அதே மடலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. கொலையும் களவும் தீயவை என்பதை எந்த மறைபோதகரும் வருவதற்கு முன்பே மனிதர் அறிந்திருந்தனர், படைத்தவரே அதை அவர்கள் உள்ளத்தில் எழுதிவைத்தார் என்று ஜப்பானியருக்கு அவர் விளக்கினார். அவரது அறிவு கதவை அடைத்தது. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய சான்று அக்கதவை ஒரு விரற்கடையேனும் திறந்தே வைத்தது. அந்த இடுக்கின் வழியாகப் பின்வந்தோர் நுழைய நானூறு ஆண்டுகள் ஆயின.

வெளியே இருப்போரைப் பற்றிய இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையில், உள்ளே வந்தோரின் நிலை என்ன? இங்கேதான் நம் வட்டாரத்துக் கதை தொடங்குகிறது.

சங்கரன்கோவில் பகுதியிலுள்ள குருக்கள்பட்டியை நம் மக்கள் வீரமாமுனிவரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1711-இல் தமிழகம் வந்த அம்முனிவர், 1714-15 ஆண்டுகளில் எழுந்த துன்புறுத்தலின்போது கொலைத்தீர்ப்புப் பெற்று மயிரிழையில் உயிர் பிழைத்தார். தேம்பாவணி பிறவாமலே போயிருக்கும் என்று எண்ணும்போது நமக்கு உடல் சிலிர்க்கிறது. அந்தப் பெருமையை நாம் விழாக்களில் பேசுகிறோம். ஆனால் அவர் இந்நாட்டில் பணியாற்றிய காலம் முழுவதும் திருச்சபைக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர் ஒருவரின் குடிசைக்குள் குரு நுழையலாமா என்பது அவ்வழக்கின் ஒரு பகுதி.

இதன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர், காவியுடுத்திய துறவியாக உயர்சாதியினரிடையே நற்செய்தியை எடுத்துரைத்தார். தாழ்த்தப்பட்டோர் வீட்டுக்குச் சென்று வருபவர் என்று தெரிந்தால் அம்மக்கள் அவரை அணுகமாட்டார்கள். எனவே 1640 முதல் பண்டார சாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் பிற சாதியினர்க்காக ஏற்பட்டனர். பின்னாளில் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் இவ்வகையைச் சார்ந்தவரே. எனினும் தீண்டாமை என்னும் கோட்டை இந்த ஏற்பாடும் முழுவதுமாகத் தாண்டவில்லை. தாழ்த்தப்பட்ட நோயாளியைக் குடிசையிலிருந்து தூக்கி வந்து வெளியே ஓரிடத்தில் கிடத்தி, அங்கே அருளடையாளங்களை வழங்கும் பழக்கம் ஏற்பட்டிருந்தது.

திருத்தந்தையின் தூதராக 1703-இல் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் இதைக் கண்டித்தார். 1704 சூன் 23-ஆம் நாளிட்ட அவரது ஆணையில் 16 பிரிவுகள் இருந்தன. திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீரை விட்டுவிடக் கூடாது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, மாதவிலக்கை முன்னிட்டுப் பெண்களுக்கு ஒப்புரவு அருளடையாளத்தை மறுக்கக் கூடாது என்பன போன்ற பலவற்றோடு, பறையர் நோயுற்றால் குரு அவர்தம் இல்லத்துக்கே செல்ல வேண்டும் என்பதும் இருந்தது. தூர்னோன் உள்நாட்டுக்குள் அடியெடுத்து வைத்தவரல்லர், சில மாதங்களே தங்கியவர், தமிழ் அறியாதவர். நம் பண்பாட்டைப் பற்றிய அவர் தீர்ப்புகள் பலவற்றை இன்று நாம் ஏற்க இயலாது. ஆயினும் அந்த ஒரு பிரிவில், புதுச்சேரியை விட்டு நகராத அந்த அயலார் கண்ட உண்மையை, நாட்டையே நடந்து அளந்தவர்கள் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இயேசு சபையார் மறுத்து முறையிட்டனர். உயர்சாதிக் கிறிஸ்தவர் அனைவரும் திருச்சபையை விட்டுப் போய்விடுவர் என்பது அவர்கள் அச்சம். அது பொய்யான அச்சமன்று. நாற்பது ஆண்டுகள் வழக்கு நீண்டது. 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதி முடிவை அளித்தபோது, தாழ்த்தப்பட்டோர்க்கென்றே தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். குடிசைக்குள் குரு நுழைந்தார். ஆனால் அவர் வேறு குரு. மூன்று ஆண்டுகள் கழித்து வீரமாமுனிவர் இறந்தார்.

நற்கருணை உட்கொள்ளுமுன் நாம் ஒவ்வொருவரும் சொல்லும் மன்றாட்டு யாருடைய வாயிலிருந்து வந்தது? ஆண்டவர் தம் கூரைக்குக் கீழே வரத் தமக்குத் தகுதியில்லை என்று சொன்ன உரோமை நூற்றுவர் தலைவனிடமிருந்து. அவன் யூதனல்லன், திருமுழுக்குப் பெற்றவனுமல்லன். அவன் வீட்டுக்கு வர இயேசு தயங்கவுமில்லை. இம்மன்றாட்டை இலத்தீனில் நாள்தோறும் சொன்ன குருக்களுக்கு அக்குடிசை வாசல் நினைவுக்கு வந்திருக்காதா என்று கேட்கத் தோன்றுகிறது. உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: இறந்துபோன மறைபோதகர்களுக்குத் தீர்ப்பு எழுதுவதும் அதே நாற்காலியில் அமர்வதுதான். அவர்கள் புழுதியில் நடந்தும் சிறையில் கிடந்தும் நம் முன்னோர்க்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர்கள். நாமோ சுவர் எழுப்பினோம்.

அது உவமையன்று, கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த சுவர். நெல்லைச் சீமையின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்து வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்களாக அமைந்தது. ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார், இடையே சுவர். இரு கூடங்களும் சென்று கூடுமிடத்தில் ஒரே பீடம். ஒரே திருப்பலியில் பங்குகொண்ட இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே வாழ்நாளைக் கழிக்க முடிந்தது. 1910-இல் அச்சுவரை இடித்தவர் இயேசு சபையைச் சார்ந்த கௌசானல் அடிகளார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவர். அவர் மீது நன்றி பாராட்டாமல் வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது வழக்கு. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமை ஏற்கப்படவில்லை. நற்செய்தி சொல்லித் தெரியாததை நீதிமன்றம் சொல்லித் தெரிந்துகொண்ட கிறிஸ்தவர்கள் நாம்.

இந்த வடக்கன்குளத்தில்தான், 1745-இல், நீலகண்டன் என்பவர் தேவசகாயமாகத் திருமுழுக்குப் பெற்றார். தாழ்ந்தோர் எனப்பட்டவர்களோடு வேற்றுமையின்றிப் பழகினார் என்பதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே நூற்றாண்டுக்குப் பின் அச்சுவர் எழுந்ததை என்னவென்று சொல்வது! 2022 மே 15-இல் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, வேண்டுகோளுக்கு இணங்கி அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டிருந்தது. 270 ஆண்டுகள்.

வெளியோரைப் பற்றிய வழக்கும் இதற்குள் திசை மாறியிருந்தது. தம் குற்றமின்றி அறியாமையில் இருப்போரைக் கடவுள் தண்டிப்பதில்லை என்று 1863-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் எழுதினார். அமெரிக்காவின் பாஸ்டனில் லெனார்ட் பீனி என்ற குரு, கத்தோலிக்கரல்லாத எவருக்கும் மீட்பே இல்லை என்று பிடிவாதமாய்ப் போதித்தார். 1949-இல் உரோமை அக்கருத்தை மறுத்தது; பணிய மறுத்த அவர் 1953-இல் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். வெளியே மீட்பில்லை என்றவரே வெளியே நின்றார். திருச்சபை அவர் இறக்கும்வரை அவரை அங்கேயே விட்டுவிடவில்லை. 1972-இல் மீண்டும் ஏற்றுக்கொண்டது.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 16-ஆம் எண் இன்று ஓரளவு அறிமுகமானது. நற்செய்தியை அறியாவிடினும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் குரலுக்கு இணங்க வாழ முயல்வோர் இறையருளால் மீட்படைய முடியும் என்பது அதன் பொருள். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சங்கம் சொல்லவில்லை. மீட்பவர் கிறிஸ்துவே, ஆனால் அவர் கரம் எட்டும் தொலைவை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. இதை எடுத்துரைப்போர் சற்று மேலே உள்ள 14-ஆம் எண்ணையும் படிக்க வேண்டும். திருச்சபையின் உள்ளேயே இருந்தும் அன்பில் நிலைத்திராதவர் உடலளவில் உள்ளே இருக்கிறாரேயன்றி உள்ளத்தளவில் இல்லை. அவர் மீட்படைவதில்லை என்கிறது அது. வெளியிலிருப்பவர் கதியைப் பற்றிக் கவலைப்பட்ட நம்மிடம் சங்கம் நம் கதியைக் கேட்கிறது. வடக்கன்குளத்துச் சுவரின் இருபுறமும் அமர்ந்திருந்தோர் அனைவரும் திருமுழுக்குப் பெற்றவர்களே.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நாளில் கூடும் கூட்டத்தினிடையே நாம் பலமுறை நடந்து சென்றதுண்டு. சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்கிட்டனராம். அவ்வழக்குத் தீரக் கோமதியம்மன் தவமிருந்ததாக அவ்வூர்த் தலபுராணம் சொல்லும். அது நம் மறையன்று. ஆனாலும் யாருடைய ஆண்டவர் பெரியவர் என்னும் வழக்கைத் தீர்க்க ஒருத்தி ஒற்றைக்காலில் நின்றதாகக் கதை சொல்லும் ஊரில் வாழ்கிறோம் என்பது நமக்கு மறப்பதில்லை.

அன்று மேசையருகே பேனா நின்றபோது இவையெல்லாம் நமக்குத் தெரியாது. பங்குத்தந்தையிடம் சென்று கேட்டோம். அவர் 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து 901-ஆம் எண்ணைக் காட்டினார். ஒரே வரி. வாழ்வோராயினும் இறந்தோராயினும் எவருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் உரிமை குருவுக்கு உண்டு என்பது அதன் கருத்து. திரும்பி வந்தபோது அந்தத் தாய் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மகன் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரை எழுதினோம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். தமக்குப் படிக்கத் தெரியாதாம். நாம் உரக்கப் படித்துக் காட்டினோம்.