அம்மம்மாவின் வாத்தும் 30 மீற்றரும்

ஹரிஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எல்லோரும் விக்ரம் ஸ்ட்ரீட் பக்கம்தான் போவோம். தோசை, சாட், குல்ஃபி. அந்தப் பக்கம் திரும்பாமல் ரூஸ் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தால் ஒரு பழைய வீடு வரும். எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் கொட்டேஜ் என்று பெயர். போன வசந்தத்தில் அம்மம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வீட்டையும் தளபாடங்களையும் மரியாதைக்குப் பார்த்தார். வெளியே வந்ததும் புல்தரையைக் காட்டி, "இவ்வளவு புல்லுக் கிடக்கு, ஒரு வாத்துக்கூட இல்லையே?" என்று கேட்டார்.

முதலில் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்த உங்கள் நண்பர்களுக்கு வாத்து என்றால் டக். எங்கள் வீட்டில் டக் என்றால் தாரா. வாத்து என்பது நீளக் கழுத்தை நீட்டிக்கொண்டு, சீறிக்கொண்டு துரத்துமே, அந்தக் கூஸ். இங்கே அம்மம்மாவின் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. இந்த நாட்டுக்கு வாத்து வந்த கதை இந்த ஊருக்கு மிகக் கிட்டத்தில்தான் தொடங்குகிறது. 1788 ஜனவரியில் முதல் கப்பல் தொகுதி வந்தது. வழியில் தென்னாபிரிக்காவின் கேப்பில் ஆடு மாடு கோழியெல்லாம் ஏற்றிக்கொண்டார்கள். மே 1ஆம் தேதி குடியேற்றத்தில் இருந்த விலங்குகளை எண்ணி எழுதிய கணக்கு இன்றும் இருக்கிறது. அதில் வாத்து 29, தாரா 35, வான்கோழி 18. மாடுகளோ காளைகளையும் சேர்த்து ஏழுதான்.

சாப்பாடு போதவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப், கோர்ன்வால் பக்கத்து விவசாயியான ஜேம்ஸ் ரூஸ் என்ற கைதியிடம் 1789 நவம்பரில் ஒரு சோதனையை ஒப்படைத்தார். ஒரு குடும்பம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு நிலமும் காலமும் வேண்டும்? கொஞ்சம் துப்புரவாக்கிய நிலம், ஒரு குடிசை, விதை, கருவிகள், இரண்டு பெண் பன்றிகள், ஆறு கோழிகள். 1791 பெப்ரவரியில் தனக்கு இனி அரசாங்கப் பங்கீடு வேண்டாம் என்றார் ரூஸ். அந்த 30 ஏக்கர்தான் இந்தக் குடியேற்றத்தில் முதன்முதலாக எழுதிக் கொடுக்கப்பட்ட காணி. 1793இல் அதை ஜோன் ஹரிஸ் என்ற இராணுவ வைத்தியருக்கு 40 பவுணுக்கு விற்றார். நம் ஊரின் பெயர் வந்தது அந்த ஹரிஸிடமிருந்து. பக்கத்து ரோஸ்ஹில்லில் அதே வருஷம் எலிசபெத் ஃபார்ம் வீடு எழும்பியது. 1794இல் ஜோன் மக்காதர் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் 130 ஆடு, நூற்றுக்கு மேல் பன்றி, எல்லா வகைக் கோழி தாராக்களும் ஏராளம் என்று பெருமையடிக்கிறார். ஹரிஸ் பார்க்கின் அயல் அப்போது ஒரு பெரிய கோழி வளவு.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, அம்மம்மா இடைமறித்தார். "அப்ப முதல் இஞ்ச இருந்த சனம் எங்க போனது?"

பரமட்டகல் மக்களைத்தான் கேட்கிறார். பரமட்டா என்ற பெயரே அவர்களுடையது. விலாங்கு மீன் இருக்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். பிலிப் எழுதிக் கொடுத்த 30 ஏக்கர் அவருடையது அல்ல. அதைச் சொன்னேன். அம்மம்மா தலையாட்டினார், வேறொன்றும் கேட்கவில்லை. அவர் ஏன் கேட்டார் என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வளவில் இருபது கோழிகளோடு இரண்டு வாத்துகள் இருந்தன. ஏன் வாத்து என்று கேட்டால், "காவலுக்கு" என்பார். கீரி வந்தாலும் கள்ளன் வந்தாலும் நாய்க்கு முதல் வாத்து கத்துமாம். ரோமாபுரியிலும் இதே கதை உண்டு. கிமு 390 அளவில் இரவில் எதிரிகள் கோட்டை ஏறியபோது நாய்கள் தூங்க, கோயில் வாத்துகள் கத்தி எழுப்பின என்று. அது பழங்கதை என்று தள்ளினாலும், ஸ்கொட்லாந்தின் டம்பார்டனில் பலன்டைன் விஸ்கிக் கிடங்குகளுக்கு 1959 முதல் 2012 வரை வாத்துகள்தான் காவல்.

இன்னொரு காரணம் தீன். வாத்து மாடு மாதிரிப் புல் மேயும். கோழிக்குப் போடும் அரிசிக் குறுணலுக்குப் பெரிதாகப் போட்டிக்கு வராது. ஆனால் சேர்த்து வளர்ப்பது லேசில்லை. கோழிக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும், வாத்து தண்ணீரைக் கண்டால் எல்லாவற்றையும் சேறாக்கும். மருந்து கலந்த கோழிக்குஞ்சுத் தீனில் சில வாத்துக் குஞ்சுக்கு ஆகாது. அதற்கு நயசின் சத்தும் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும். அம்மம்மாவுக்கு நயசின் தெரியாது, தவிடு போட்டார். தவிட்டில் நயசின் நிறைய இருக்கிறது!

வாத்து முட்டையை அவர் அடைக்கோழிக்குக் கீழேதான் வைப்பார். கோழி முட்டை பொரிக்க 21 நாள், வாத்துக்கு ஏறக்குறைய 30. பாவம், அந்தக் கோழி ஒன்பது நாள் கூடுதலாகக் கிடக்கும். பொரித்த குஞ்சுகள் கோழியைத்தான் தாய் என்று நம்பிப் பின்னால் போகும். பிறகு ஒரு நாள் தொட்டியில் இறங்கி நீந்தும், கோழி கரையில் நின்று கதறும். கொன்ராட் லோரென்ஸ் இதைத்தான் வாத்துக் குஞ்சுகளை வைத்து ஆராய்ந்து 1935இல் எழுதினார், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அம்மம்மாவின் வாத்துக்கு அலகுக்கு மேலே ஒரு குமிழ் இருந்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு அதன் ஊர் தெரிந்துவிட்டது. அந்தக் குமிழ் சீன வாத்தின் அடையாளம். சீனாவின் தியென்லுவோஷானில் 7,000 வருஷத்துக்கு முந்திய வாத்து எலும்புகளை ஆராய்ந்து, அப்போதே அவற்றை வளர்த்தார்கள் என்று 2022இல் எழுதினார்கள். அது சரியென்றால் வாத்து கோழிக்கே மூத்தது.

நம்முடைய அன்னமும் வாத்துதான் என்றால் நம்புவீர்களா? குத்துவிளக்கின் உச்சியில் நிற்கிறதே, அதே அன்னம். ஃபோகல் என்ற டச்சு அறிஞர் இதற்கென்றே எழுதிய ஒரு புத்தகம் 1962இல் வெளிவந்தது. இந்தியக் கலையில் வரும் ஹம்சம் ஸ்வான் அல்ல, கூஸ் என்பது அவர் வாதம். அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லில் வரிசையாக நடக்கும் பறவைகளைப் பாருங்கள், கட்டைக் காலும் தடித்த உடம்பும் வாத்துக்கு உரியவை. புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் குமரியிலிருந்து வடமலைக்குப் போகும் அன்னத்தோடு பேசுகிறார். வரித்தலை வாத்து இன்றும் இமயத்தைத் தாண்டிப் பறந்து, குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. எனக்கு இது கற்பனையாகத் தெரியவில்லை, அவர் வானத்தைப் பார்த்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். லட்சக்கணக்கான சனம் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மம்மா கூட்டைத் திறந்துவிட்டார். கோழிகள் இருட்டில் அசையவில்லை. வாத்து இரண்டும் படலை வரை பின்னால் வந்தனவாம். அடுத்த வருஷம் திரும்பிப் போனபோது கூடும் இல்லை, ஒன்றும் இல்லை.

இதைக் கேட்ட கிழமையே ஒரு சோடி வாங்கலாமா என்று சட்டத்தைத் தேடினேன். நியூ சவுத் வேல்ஸ் உள்ளூராட்சி விதிப்படி கோழியை எந்த வீட்டுக்கும் 4.5 மீற்றருக்குள் வைக்கக்கூடாது. தாரா, வாத்து, வான்கோழி என்றால் 30 மீற்றர். எந்த வீட்டுக்கும் என்பதில் பக்கத்து வீடும் அடக்கம். எங்கள் யூனிட்டின் கீழே மதில் வரைக்கும் டேப் பிடித்து அளந்தேன், 11 மீற்றர். ஒரு காலத்தில் கோழி வளவாக இருந்த ஹரிஸ் பார்க்கில் இன்று வாத்துக்கு இடமில்லை.

கடைசியில் கெம்ப்ஸ் கிரீக்கில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் நண்பனின் வீட்டுக்கு அம்மம்மாவைக் கூட்டிப் போனேன். அவனிடம் ஆறு வாத்து. ஆண் வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு ஓடிவர, நான் காருக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மம்மா ஊன்றுதடியோடு அசையாமல் நின்றார். "ஓடாத மோனே, ஓடினாத்தான் கலைக்கும். கிட்ட வந்தாக் கழுத்தில பிடி, காலில பிடிச்சிடாத" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.