பினாங்குக்காரர் வீடு

கடலாடியில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்குக் கதவு எண் சொல்லிப் பயனில்லை. ‘பினாங்குக்காரர் வீடு’ என்றால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலேயே கை காட்டிவிடுவார்கள். பினாங்குக்காரர் என் தாத்தா. நாங்கள் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். 1937ல் கப்பலேறி, யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர். பினாங்கைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவர் பேசாததையெல்லாம் வீட்டில் இருந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். அப்பா சொல்லும் பினாங்கில் ரிக்‌ஷாக்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், தெருவெல்லாம் சீனக் கடைகள், அந்த நெரிசலுக்கு நடுவே அய்யா வெள்ளை வேட்டியில் நடந்துபோவார்.

2016ல் நான் பினாங்கு போனபோது மனதில் அந்த வேட்டிதான் இருந்தது.

விமானம் இறங்கும்போது இருட்டிவிட்டது. டாக்ஸி கடலோரச் சாலையில் வடக்கே போனது. வலதுபக்கம் கடலுக்குள் கறுப்பாக, முதுகு காட்டிப் படுத்த எருமை மாதிரி ஒரு தீவு. நான் திரும்பிப் பார்த்துவிட்டு மறந்துவிட்டேன். தூரத்தில் ஜார்ஜ் டவுனின் விளக்குகள் தெரிய ஆரம்பித்திருந்தன.

மறுநாள் காலை சூலியா தெருவில் கால் வைத்ததும் தலை சுற்றியது. கடைகளுக்கு முன்னால் தூண்கள் வைத்த நடைபாதை உண்டு. அஞ்சடி என்கிறார்கள். நடக்கத்தான் அஞ்சடி, ஆனால் அங்கே அடுப்பு இருந்தது, மோட்டார் சைக்கிள் இருந்தது, சீனர்களின் ஊதுவத்திச் சட்டி இருந்தது. ஆகவே சாலையில் இறங்கி நடந்தேன். ஹாரன் சத்தம். ஒரு பக்கம் ஹொக்கியன், ஒரு பக்கம் மலாய், எங்கிருந்தோ இளையராஜா. எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் ஒரு நாசி கண்டார் கடைக்குள் ஏறினேன்.

கல்லாவில் இருந்த பாய் நான் ரெண்டு வார்த்தை பேசியதுமே, “தம்பி ராம்நாட்டுப் பக்கமா?” என்றார். கடலாடி என்றேன். “நமக்குப் பனைக்குளம். உக்காருங்க” என்றவர், உள்ளே பார்த்து “பஞ்சிர்!” என்று குரல் கொடுத்தார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். எல்லாக் குழம்பும் சோற்றின் மேல் வெள்ளமாக வந்தது. கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடித்தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றிருக்கிறார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தத் தெரு எனக்குப் பிடிபட்டுவிட்டது. எந்தச் சந்தில் போனால் மாரியம்மன் கோயில், எங்கே திரும்பினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எங்கே சிம் கார்டு வாங்கலாம் என்று எல்லாவற்றையும் பாய் சொல்லிவிட்டார். தெரு அப்படியேதான் இருந்தது. எனக்கு ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நம் ஆட்கள் அங்கே வந்திறங்கிய வரலாற்றைப் பின்னால் படித்தபோதும் இதுவே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பிரான்சிஸ் லைட் 1786ல் பினாங்கைக் கம்பெனிக்காக எடுத்துக்கொண்டார். எட்டே வருடத்தில், 1794ல், சோழமண்டலக் கரையிலிருந்து வருடந்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து, கொஞ்சம் காசு சேர்த்துத் திரும்புவதாகவும், அவர்கள் இடத்துக்கு அடுத்தவர்கள் வருவதாகவும் எழுதுகிறார். வந்தவன் போகும்போது தம்பியையோ மச்சானையோ கடையில் உட்காரவைத்துவிட்டுப் போனான். 1801ல் பள்ளிவாசல், 1833ல் மாரியம்மன் கோயில். பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கி. ஒரே நீளக்கூடம், ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு மேசைப் பெட்டி, பகலில் அதன் முன்னால் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கை. கையில் ஒரு விலாசம் எழுதிய சீட்டு இருந்தால் போதும். நகரம் எவ்வளவு குழம்பிக் கிடந்தாலும் சீட்டு அவனைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடும்.

இன்னொரு வகைப் பயணியும் உண்டு. மேல்தட்டிலிருந்து ரசித்துக்கொண்டே இறங்கும் வெள்ளைக்காரர்கள். இசபெல்லா பேர்ட் 1879ல் இந்தப் பக்கம் வந்து, 1883ல் பெரிய புத்தகமே போட்டார். அவருடைய தெருக்களில் நம் ஆட்கள் ‘கிளிங்’ என்ற பெயரோடு, சீலையும் நகையுமாக, நகரத்தின் வண்ணங்களில் ஒன்றாக வந்துபோகிறார்கள். இந்த நகரங்களின் முதல் பார்வை என்று உலகம் படித்ததில் பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டதுதான்.

நம் தரப்பில் இறங்கியவர்களில் எழுதியவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தில் பெரியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர், அது அன்றைக்கு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம். 1938ல், 18 வயதில், சுமத்ராவின் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். 1946ல் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். ‘கடலுக்கு அப்பால்’ 1959லும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972லும் வந்தன. அவருடைய மெடானில் வியப்பே கிடையாது. கெசாவன் தெருவைச் சொல்லிக்கொண்டிருப்பவர் சட்டென்று மதுரைக்கும் சின்னமங்கலம் சந்தைக்கும் போய்விடுவார். அக்கரைத் தெருவும் இக்கரைத் தெருவும் ஒரே தலைக்குள் கிடக்கின்றன. படித்தபோது, அய்யா எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தவறு என்று அப்பத்தா சொல்லித்தான் தெரிந்தது.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் அப்பத்தாவிடம் போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். “இதுல அய்யா எந்தத் தெருவுல இருந்தாகன்னு சொன்னாகளா?” என்றேன்.

“அவுக தெருவ எங்கிட்டுப்பா பாத்தாக?” என்றது அப்பத்தா. “கப்பல்ல எவனுக்கோ அம்மை கண்டுருச்சுன்னு ஒரு தீவுல எறக்கிட்டாகளாம். துணிமணியெல்லாம் பிடுங்கி வெந்நியில போட்டு அவிச்சாகளாம். ராத்திரியானா அந்தாப்புல டவுனு வெளக்குத் தெரியுமாம். பத்து நா கழிச்சு படகுல ஏத்தி எதுத்தாப்புல கரையில கொண்டுபோயி ரயிலுல அடச்சுட்டாக. பெறகு பேராக்குல தோட்டந்தான், பால்மரந்தான். திரும்புறப்போ கிள்ளான்ல கப்பலேறிட்டாக. பினாங்குல அவுக வெளக்குத்தான் பாத்தாக.”

அய்யா கங்காணியோடு போனவர். கையில் சீட்டு இல்லாதவர். 1907ல் ஏற்படுத்திய குடிபெயர்வு நிதியிலிருந்து அவர்களுக்குக் கப்பல் செலவு கிடைத்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. ரெண்டு வருஷம் மழை தப்பினால் ஆள் சேர்க்கப் பேச்சே தேவையில்லை. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாம், பிறகு ‘ரஜூலா’ மாதிரி ஒரு கப்பலின் திறந்த தளம். 1926ல் கட்டிய அந்தக் கப்பலில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்தது. அக்கரையில் நோய்த்தடுப்பு முகாம், அங்கிருந்து நேராகத் தோட்டம். சம்பளக் குறைப்புத் தகராறில் 1938 ஜூனில் இந்திய அரசு இந்த உதவிப் பயணத்தையே நிறுத்தியது. அய்யா அதற்கு முந்தின வருடம் போயிருக்கிறார்.

அந்தத் தீவின் பெயர் ஜெரெஜாக். மேப்பைத் திறந்து பார்த்தேன். டாக்ஸியிலிருந்து நான் பார்த்த அதே எருமை முதுகு.

நான் நெரிசலைப் பார்த்தேன், வழி தொலைத்தேன், வெள்ளமாகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். தலை சுற்றுவதற்குக்கூட ஒருவன் நகரத்துக்குள் கால் வைத்திருக்க வேண்டும். அய்யாவை யாரும் கால் வைக்க விடவில்லை. அவரோடு அந்தத் தளத்தில் உட்கார்ந்து போனவர்களில் பாதிப் பேருக்காவது நகரம் என்பது தண்ணீருக்கு அந்தப் பக்கம் எரிந்த விளக்குதான். அதைப் பற்றி எழுத அவர்களில் பலருக்கு எழுத்தும் தெரியாது.

“அப்பறம் ஏன் அப்பத்தா பினாங்குக்காரர்னு கூப்பிட்டாக? அய்யா மறுக்கலையா?”

அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “ஊரு ஆசையாக் கூப்புட்டுச்சு. இல்லைன்னா சொல்ல முடியும்?” என்றது.

அந்தப் பயணத்தில் நான் எடுத்த படங்கள் நானூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். ஜெரெஜாக்கின் படம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வழி கேட்பவர்களிடம் நான் இப்போதும் பினாங்குக்காரர் வீடு என்றுதான் சொல்கிறேன்.