துடுப்பின் இடத்தில் இரண்டாவது இயந்திரம்: மீன்பிடிப் படகுகளில் துணை இயந்திரத்தின் வரலாறு

மீன்பிடிப் படகின் முதன்மை இயந்திரம் கடலில் நின்றுபோனால் படகைக் கரைசேர்ப்பதற்காக, அமரம் எனப்படும் படகின் பின்புறத்தில் மாட்டிவைக்கப்படும் சிறிய வெளியிணைப்பு இயந்திரமே துணை இயந்திரம் ஆகும். வெளியிணைப்பு இயந்திரத்தை மீனவர்கள் அவுட்போர்டு என்றும் ஓ.பி.எம். என்றும் அழைக்கின்றனர். வட அமெரிக்காவில் இந்தச் சிறிய துணை இயந்திரத்திற்குக் 'கிக்கர்' என்ற செல்லப்பெயர் உண்டு.

பாய்மரக் காலத்துப் படகுக்கு இப்படி ஒரு பொருள் தேவைப்படவில்லை. காற்று விழுந்தால் துடுப்பு இருந்தது. துடுப்பு முறிந்தால் பாய் இருந்தது. இயந்திரம் வந்தபின் இரண்டும் படகிலிருந்து இறங்கின. அவை விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்ததே துணை இயந்திரம். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளங்கிக்கொள்ள இந்த வரலாறு உதவும்.

தொடக்கம்

கழற்றி மாட்டக்கூடிய படகு இயந்திரத்தை முதலில் செய்து காட்டியவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் துரூவே. 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் மின்கல விசையால் ஒரு சிறு படகை அவர் ஓட்டினார். சுக்கான், விசிறி, மின்மோட்டார் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக அதில் அமைந்திருந்தன. எனினும் அன்றைய மின்கலங்களின் எடை காரணமாக அது மீனவர்களைச் சென்றடையவில்லை.

பெட்ரோல் இயந்திரத்தை இவ்வழியில் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கேமரன் வாட்டர்மேன். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த இவர், 1905இல் டெட்ராய்ட் ஆற்றில் தம் இயந்திரத்தைச் சோதித்து 1907இல் காப்புரிமை பெற்றார்.

வெளியிணைப்பு இயந்திரத்தை உலகெங்கும் பரப்பியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். ஏரியில் துடுப்புப் போட்டுச் சென்று தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அதனால்தான் இயந்திரம் செய்ய நினைத்தாராம். இந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரத்தின் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. மேலே உள்ள சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றி இயக்க வேண்டும்.

அந்தக் காதலிதான் பின்னாளில் அவர் மனைவியான பெஸ். நிறுவனத்தின் வணிகத்தைக் கவனித்தவரும் அவரே. துடுப்புகளைத் தூக்கி எறியுங்கள் என்று மக்களை அழைக்கும் விளம்பரத்தை அவர் எழுதினார். அது விற்பனைக்கான பேச்சு மட்டுமாக நின்றுவிடவில்லை. அடுத்த முக்கால் நூற்றாண்டில் உலகின் கடற்கரைகள் பலவற்றில் அப்படியே நடந்தது.

எடை குறைந்தது, திறன் கூடியது

1914இல் எவின்ரூட் தம் பங்கை விற்றுவிட்டு, நோயுற்றிருந்த மனைவியைக் கவனிப்பதற்காகத் தொழிலிலிருந்து விலகினார். சில ஆண்டுகளுக்குப் பின் அலுமினியத்தை மிகுதியாகப் பயன்படுத்தி, இரு உருளைகள் கொண்ட இலகுவான இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். 'எல்ட்டோ' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. 1922இல் ஜான்சன் சகோதரர்கள் சுமார் 16 கிலோ எடையுள்ள 2 குதிரைத்திறன் இயந்திரத்தை விற்கத் தொடங்கினர். ஒருவர் ஒரு கையால் தூக்கிச் செல்லும் இயந்திரம் இவ்வாறு உருவானது. பிரிட்டனில் 1930களில் தோன்றிய சீகல் இயந்திரம், பாய்ப்படகுகளில் காற்று இல்லாத வேளைக்கான உதவியாகப் பெயர் பெற்றது. அங்கே பாய் முதன்மை, இயந்திரம் துணை. இந்த வரிசை பிறகு தலைகீழாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் திறன் வேகமாக உயர்ந்தது. 1962இல் மெர்க்குரி நிறுவனம் 100 குதிரைத்திறன் இயந்திரத்தை வெளியிட்டது. திறன் கூடக்கூடப் படகும் பெரிதாயிற்று, எடையும் கூடிற்று. ஒன்றரைக் குதிரைத்திறன் இயந்திரம் நின்றால் இருவர் துடுப்புப் போட்டுத் திரும்பிவிடலாம். பெரிய இயந்திரத்திற்கென்று கட்டிய படகை அவ்வாறு கொண்டுவர இயலாது. துணை இயந்திரத்தின் தேவை இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது.

இதே காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இத்துறைக்கு வந்தன. டோஹாட்சு 1956இலும் யமஹா 1960இலும் சுசூகி 1965இலும் தம் முதல் வெளியிணைப்பு இயந்திரங்களை வெளியிட்டன. ஹோண்டா 1964இல் நான்கு வீச்சு இயந்திரத்துடன் வந்தது. பழுதுபார்க்க எளிதான ஜப்பானிய இரு வீச்சு இயந்திரங்கள் ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் சிறு மீனவர்களிடம் பரவின.

தென்கடற்கரையில் இயந்திரம்

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெளியிணைப்பு இயந்திரம் 1980களில் விரைவாகப் பரவியது. துறைமுகம் இல்லாத, அலை உடையும் கரை இது. படகைக் கரையில் இழுத்து ஏற்றும் இடத்தில், கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய இயந்திரமே பொருந்தியது. இதே காலத்தில் ஒட்டுப்பலகையால் கட்டிய வள்ளங்களும் அறிமுகமாயின. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்படகுகளைக் கட்டுவதிலும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதிலும் பங்காற்றியது. பெட்ரோலில் இயக்கத்தைத் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை இங்கு வழக்கமாயிற்று.

இங்கே மாறியது வேகம் மட்டுமன்று. விடியுமுன் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாய் விரித்துச் செல்வதும், பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றில் திரும்புவதும் பழைய ஒழுங்கு. திரும்பும் வழியைக் கணக்கிட்டே செல்லும் தொலைவை முடிவு செய்தனர். இயந்திரம் வந்தபின் தொலைவைத் தீர்மானித்தது எரிபொருள் கலன். மேலும், கட்டுமரம் மரக்கட்டைகளின் கட்டு என்பதால் கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு மிதக்கலாம். உட்குழிந்த படகில், அதற்கென மிதவை அறைகள் அமைக்கப்படாவிட்டால், அந்தப் பாதுகாப்பு இல்லை. பாய் கட்டுவதையும் காற்றறிந்து ஓட்டுவதையும் இளையவர் கற்க வேண்டிய தேவையும் குறைந்தது. ஆகவே இயந்திரம் நின்ற படகில் பாய் மட்டுமல்ல, பாயை ஆளத் தெரிந்த கையும் இல்லாமல் போனது.

தொலைவுக்குச் செல்லும் படகுகள் சில இரண்டு இயந்திரங்களை எடுத்துச் செல்லத் தொடங்கியது இதனால்தான். சிறு மீனவருக்கு இரண்டாவது இயந்திரம் என்பது இரண்டாவது கடன். மீன் பிடித்துத் தராத பொருளுக்குப் பணம் போடுவதா என்ற கேள்வி நியாயமானதே. அதனால்தான் எதை வாங்குவது என்பதில் தவறு நேரக்கூடாது.

தேர்வு செய்யும் முறை

முதலில் திறன். துணை இயந்திரத்தின் வேலை படகைப் பறக்க வைப்பதன்று, நகர்த்துவது. நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு ஓர் இயல்பான வேக எல்லை உண்டு. நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த வேகம் நாட்டிக்கல் மைல் கணக்கில் கிடைக்கும். 25 அடி நீளத்துக்கு வர்க்கமூலம் 5. எனவே வேகம் மணிக்கு 6.7 நாட்டிக்கல் மைல். இதை நெருங்கும்போது தேவைப்படும் திறன் செங்குத்தாக ஏறும். எனவே மணிக்கு 4 அல்லது 5 நாட்டிக்கல் மைலே நியாயமான இலக்கு. சுமையுடன் இரண்டு டன் அளவுள்ள படகுக்கு 8 முதல் 10 குதிரைத்திறன் இதற்குப் போதும். அமைதியான நீரில் இதிலும் குறைந்த திறனே போதும் என்றாலும், எதிர்க்காற்றையும் நீரோட்டத்தையும் எண்ணியே வாங்க வேண்டும். ஒரு காலத்தில் முதன்மை இயந்திரமாக ஓடிய அளவுதான் இது.

இரண்டாவது விசிறி. ஒரே திறனுள்ள இரு இயந்திரங்களில் ஒன்று படகை இழுக்கும், மற்றொன்று நுரையை மட்டும் கிளப்பும். கனமான படகுக்கு விட்டம் பெரிதாகவும், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் குறைவாகவும் உள்ள விசிறி வேண்டும். அது மெதுவாகச் சுழல ஏற்ற பல்சக்கர விகிதமும் வேண்டும். மாட்டுவண்டிக்கும் பந்தயக் குதிரைக்கும் உள்ள வேறுபாடு இது.

மூன்றாவது தண்டின் நீளம். 15, 20, 25 அங்குல அளவுகளுக்கேற்ப இயந்திரங்கள் கிடைக்கின்றன. மாட்டும் பலகையின் உயரத்தை அளந்தபின்னே வாங்க வேண்டும். தண்டு குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலையிலும் விசிறி நீருக்கு மேல் வந்து காற்றைச் சுழற்றும். அதுவும் கடல் கொந்தளிக்கும் வேளையில், இயந்திரம் மிகவும் தேவைப்படும்போதுதான் நேரும்.

நான்காவது எரிபொருள். இயந்திரம் நிற்பதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று எரிபொருளில் நீரோ தூசியோ கலப்பது. இரு இயந்திரங்களும் ஒரே கலனிலிருந்து குடித்தால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். எனவே துணை இயந்திரத்துக்குத் தனிக் கலன், தனிக் குழாய், தனி வடிகட்டி வேண்டும். இரு வீச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் கலந்த பெட்ரோலும் நான்கு வீச்சு இயந்திரத்துக்குக் கலக்காத பெட்ரோலும் தேவை, இவை மாறிவிடக்கூடாது. அளவும் முக்கியம். பழைய வகை இரு வீச்சு இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எடுக்கும். 20 நாட்டிக்கல் மைல் தொலைவிலிருந்து மணிக்கு 5 நாட்டிக்கல் மைல் வேகத்தில் திரும்ப 4 மணி நேரமாகும். 8 குதிரைத்திறனுக்கு 16 லிட்டர். எதிர்க்காற்றுக்கென மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 21 லிட்டருக்கு மேல். இந்த அளவு இல்லாத இயந்திரம் வெறும் சுமை.

ஐந்தாவது இயக்கும் முறை. பேட்டரியில் மட்டுமே இயங்கத் தொடங்கும் இயந்திரம் துணைக்கு ஆகாது. முதன்மை இயந்திரம் நின்றதற்கே பேட்டரி காரணமாக இருக்கலாம். கயிறு இழுத்து இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். படகில் உள்ள ஒவ்வொருவரும் இழுத்துப் பழகியிருக்க வேண்டும்.

ஆறாவது எடை. அமெரிக்க அரசு 1996இல் அறிவித்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கார்புரேட்டர் வைத்த பழைய இரு வீச்சு இயந்திரங்கள் அங்கே பின்வாங்கி, நான்கு வீச்சு இயந்திரங்கள் முன்வந்தன. அவை குறைந்த எரிபொருளில் ஓசையின்றி ஓடும், புகையும் குறைவு. ஆனால் அதே திறனுக்கு எடை அதிகம். மணற்கரையில் தினமும் கழற்றிச் சுமக்க வேண்டியவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் படகைக் கட்டிவைப்பவருக்கு இது பொருட்டன்று.

பராமரிப்பு

மாட்டிவைத்து மறந்துபோன துணை இயந்திரம் தேவைப்படும் நாளில் இயங்காது. பெட்ரோல் நாள்பட்டால் பசையாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். உப்புநீர் குளிர்விக்கும் வழியில் படிந்து இறுகும். வாரம் ஒருமுறை கரை அருகே கால் மணி நேரம் ஓட்டுவதும், பிறகு நன்னீர் விட்டுக் கழுவுவதும், மாற்று ஸ்பார்க் பிளக்கையும் இழுகயிற்றையும் படகிலேயே வைத்திருப்பதும் போதுமான காப்பு. துணை இயந்திரத்தில் ஓடும்போது முதன்மை இயந்திரத்தின் காலை நீருக்கு மேல் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் விசிறியே படகை இழுத்துப் பிடிக்கும்.

எல்லை

துணை இயந்திரம் எல்லா ஆபத்துக்கும் விடையாகாது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளின் மீனவர் பலர் உயிரிழந்தனர். பலர் திரும்பவே இல்லை. அத்தகைய கடலை 8 குதிரைத்திறனால் வெல்ல முடியாது. உரிய நேரத்தில் எச்சரிக்கை, கரையோடு பேசக்கூடிய கருவி, உயிர்காப்பு மிதவை ஆகியவையே அங்கு தேவை. மீன்பிடித் தொழிலில் உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 24,000 பேர் இறப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இல் மதிப்பிட்டது. வானம் தெளிந்த நாளிலும் இயந்திரம் நின்று படகு ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படுவது உண்டு. அந்த ஒரு ஆபத்தைத் தடுப்பதே துணை இயந்திரத்தின் பணி.

எறிந்துவிடச் சொன்ன துடுப்பு உண்மையில் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது: படகைச் செலுத்துவது ஒன்று, மற்றெல்லாம் கைவிட்டபோது கரைசேர்ப்பது மற்றொன்று. பெரிய இயந்திரம் முதல் வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டாவது வேலைக்கு இன்றும் ஓர் ஆள் வேண்டும். அது சிறிய இயந்திரமாக இருக்கலாம். வாங்க இயலாதவருக்கு ஒரு பாயும் இரண்டு துடுப்பும் அவற்றைக் கையாளும் பழக்கமுமாகவும் இருக்கலாம். ஏதேனும் ஒன்று படகில் இருக்க வேண்டும்.