பாண்டிங்கின் எடைக் கணக்கு

ஆண்டுப் பிறப்போடு உடல் எடையைக் குறைக்க உறுதி பூணுவோர் இன்று கைக்கொள்ளும் உணவுப் பட்டியல்களின் வரலாற்றில், 1863ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ஒரு சிறு நூலுக்குத் தனியிடம் உண்டு. அதை எழுதிய வில்லியம் பாண்டிங் மருத்துவர் அல்லர்; வெலிங்டன் கோமகன் உள்ளிட்டோரின் இறுதி ஊர்வலங்களுக்கு ஏற்பாடு செய்த, அரச குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய தொழில் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஐந்தடி ஐந்து அங்குல உயரமே உடைய அவர், 1862 ஆகஸ்டில், தம் அறுபதுகளின் நடுப்பகுதியில், 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடை இருந்தார். குனிந்து காலணியின் நாடாவைக் கட்ட இயலாமலும், மூட்டுகளின் மேல் விழும் பளுவுக்கு அஞ்சிப் படிகளில் பின்னோக்கியே இறங்கியும் அவர் பட்ட துன்பத்தை அந்நூல் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறது.

படகு வலித்தல், கடல் நீராடல், வெப்ப அறையில் அமர்ந்து வியர்க்கும் துருக்கியக் குளியல், கனிமம் கலந்த ஊற்றுநீர் அருந்துதல் என அவர் பல ஆண்டுகளாகச் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. காது மந்தமானதற்காக அவர் நாடிய வில்லியம் ஹார்வி என்னும் அறுவை மருத்துவரே வழிகாட்டினார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று நிறுவிய கிளாட் பெர்னாரின் விரிவுரைகளைப் பாரிஸில் கேட்டிருந்த ஹார்வி, நீரிழிவுக்கு ஏற்ற உணவு பருமனுக்கும் ஏற்கும் என்று கருதி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்றவரை விலக்கச் சொன்னார். காலையில் நான்கைந்து அவுன்சு இறைச்சி அல்லது மீன், பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், ஓர் அவுன்சு வாட்டிய ரொட்டி; மதியத்தில் மீன், இறைச்சி, காய்கறியோடு இரண்டு மூன்று கோப்பைத் திராட்சை மது என்றமைந்த அப்பட்டியலைப் பட்டினி என்று எவரும் சொல்ல முடியாது.

பட்டியலைவிட மதிப்புடையது, அதனோடு அவர் சேர்த்த எடைக் கணக்கு. பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாளிட்டுக் குறிக்கப்பட்ட அதில், டிசம்பர் 24 அன்று 184 பவுண்டாக இருந்த எடை, கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் கடந்து ஜனவரி 14 அன்று 182 ஆகிறது. அடுத்த ஆகஸ்டில் 156 பவுண்டில் நிலைகொள்கிறது. ஓராண்டில் 46 பவுண்டு குறைந்த இச்செய்தி பிறருக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்பி, முதற்பதிப்பை அவர் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவ உலகிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தபோதும் நூல் பல பதிப்புகள் கண்டது. தம் உடலை இவ்வளவு பொறுமையோடு அளந்து, அந்த அளவையே சான்றாக ஊரறிய வைத்த ஒரு சாதாரண மனிதரின் நேர்மை, அம்முறையின் மருத்துவக் குறைகளையும் மீறிப் போற்றத்தக்கது.

அரை நூற்றாண்டுக்குப் பின் கணக்கின் பொருளே மாறியது. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவையான ஆற்றலைக் குறிக்கும் கலோரி என்னும் அலகால், அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் உணவுகளை அளந்திருந்தார். அதை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்தவர், 1918இல் தம் நூலை வெளியிட்ட கலிஃபோர்னிய மருத்துவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ். எந்த உணவையும் முற்றாக விலக்காமல் நாளொன்றுக்கு 1,200 கலோரிக்குள் உண்ணலாம் என்று அவர் எழுதியது, பாண்டிங்கின் வழியிலிருந்து பெரிதும் விலகியது. எனினும் எடை பார்க்கும் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. உலகப் போரின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலமாதலால், பெண்கள் குழுவாகக் கூடி எடை பார்க்க வேண்டும் என்றும், எடை குறையாதவர் அபராதம் செலுத்த வேண்டும் என்றும், அத்தொகை செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர வேண்டும் என்றும் வகுத்தார்.